ஆயுள் பக்கம் வராத கணினி

கிளிநொச்சி நகரில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த காலத்தில் நான் வருடா வருடம் சாவு குறித்தது ஒரே ஒரு பெட்டிக்குத்தான். மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்துத் திருத்தலாம் அல்லது திருத்த ஏலாது என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவேன். வட்டக்கச்சிச் சாத்திரியாரின் கணினி மட்டும் என்னை விடவில்லை. இந்த மாரிக்குத் தாங்காது என்றேன், தாங்கியது. பங்குனி வெயிலில் படுத்துவிடும் என்றேன், படுக்கவில்லை. பலன் சொல்வது அவருடைய தொழில். ஆனால் எங்கள் இருவரில் பலன் பிழையாகிக்கொண்டே இருந்தது எனக்குத்தான்.

சாதகம் பார்க்கிறவர் என்பதால் ஊரில் எல்லோரும் அவரைச் சாத்திரியார் என்றே சொன்னார்கள். குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்ற குடும்பம். காலையில் வயலில் நிற்பார். மத்தியானம் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு முன்னறைக் கதிரையில் அமர்ந்தால் சாத்திரியார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து, அந்த இடத்தில் நூல் கட்டியிருக்கும். அந்த நூலையும் அவர் மாற்றியதை நான் காணவில்லை.

இப்படிப்பட்டவருக்குக் கணினி எதற்கு என்று நானும் முதலில் சிரித்திருக்கிறேன். தகப்பன் காலத்திலிருந்து சேர்த்த பழைய பஞ்சாங்கங்கள் அத்தனையும் சண்டைக்கால இடம்பெயர்வில் போய்விட்டன. ஒரு பிள்ளைக்குச் சாதகம் எழுத அது பிறந்த வருடத்தின் பஞ்சாங்கம் வேண்டும். ஊரிலோ பாதிப் பேருக்குச் சாதகமே இல்லை. அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தவற்றை அலுமாரியோடு விட்டுவிட்டு ஓடியவர்கள். மீளக்குடியேறி வந்து கூரை போட்ட கையோடு, பிள்ளைகளின் கலியாணப் பேச்சு தொடங்கியதும்தான், பொருத்தம் பார்க்கக் கையில் ஒரு துண்டும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் கொழும்பில் இருந்த உறவுக்காரர் ஒருவர், தான் வேலைபார்த்த கந்தோரில் கழித்துவிட்ட கணினியில் சாதகம் கணிக்கும் மென்பொருள் ஒன்றை ஏற்றிப் பஸ்ஸில் அனுப்பிவைத்தார். பழைய வருடங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. சாத்திரியார் திரையைப் பார்த்துத் தாளில் கையால் எழுதி, நான்கு மூலைக்கும் மஞ்சள் பூசிக் கொடுப்பார். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் அந்தக் கணினியின் புண்ணியத்தில் மணவறை ஏறினார்கள்.

அது வந்தபோதே கிழடு. மேசையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும் பெரிய முதுகுள்ள திரை, எழுத்துத் தேய்ந்த விசைப்பலகை, உறுமுகிற பெட்டி. அவர் மனைவியின் பழைய சேலைத் துண்டு ஒன்றால் போர்த்தி வைத்திருப்பார். பக்கத்து அரிசி ஆலை ஓடத் தொடங்கினால் மின்சாரம் தாழ்ந்து, திரையில் உள்ள படம் நாலு பக்கமும் சுருங்கிவிடும். அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். ஆலை நின்றதும் படம் விரியும். "இப்ப வயிறு நிறைஞ்சிட்டுது" என்று சொல்லி வேலையைத் தொடங்குவார்.

"ஐயா, உதைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு எடுங்கோ" என்பேன்.

"ஏன் தம்பி, ஓடுது எல்லோ."

"இப்ப ஓடுது. நாளைக்கு நிண்டால்?"

"நிண்டால் நாளைக்கு எல்லோ நிக்கும். இண்டைக்கு ஓடட்டும்."

இந்தப் பதிலுக்குமேல் அவரிடம் எதுவும் பெற முடியாது. ஒருமுறை எரிச்சலில், "உதுக்கும் ஒரு சாதகம் எழுதி ஆயுளைப் பாருங்கோவன்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "பிறந்த நேரம் தெரியாத பிள்ளை தம்பி. ஆரோ கொழும்பில பெத்துப்போட்டு அனுப்பிவிட்டது" என்றார். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி சிரித்த சத்தம் கேட்டது.

இன்னொரு முறை பெட்டியைத் திறந்தபோது மின்விசிறிக்குப் பக்கத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நான் ஸ்குறூட்றைவரால் இடிக்கப் போனேன். சாத்திரியார் என் கையைப் பிடித்தார். "உள்ளுக்குக் குஞ்சு இருக்கும். அது பறக்கட்டும், பிறகு வாரும்." மனைவி எட்டிப் பார்த்து, "இந்த வயசில இஞ்சை ஆருக்குப் பிள்ளை?" என்று கேட்டார். "கொம்பியூட்டருக்குத்தான்" என்றார் சாத்திரியார். குளவி பறக்கும்வரை அந்த வீட்டில் கணினி போடப்படவில்லை. சாதகம் கேட்டு வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் போனார்கள்.

அந்த மனிதரிடம் இருந்த குணம் இதுதான். எதற்கும் முடிவு என்று ஒன்றைத் தன் வாயால் சொல்லமாட்டார். பட்டுப்போன தென்னையைக் காட்டினால், "குருத்துப் பாத்துச் சொல்லுவம்" என்பார். பக்கத்து வீட்டு முதியவர் வைத்தியசாலையில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது மகன் ஓடி வந்து கேட்டான். சாத்திரியார் சொன்ன பலன் இவ்வளவுதான்: "வாற மாசம் கோயில் கொடியேறுது. அதுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வரப் பாருங்கோ." முதியவர் கொடியேற்றம் காணவில்லை. ஆனால் மகன் அதற்காக இவரைக் குறை சொன்னதும் இல்லை.

கணினிக்கு ஒரு பழுது இருந்தது. அதை நான் முதல்நாளே கண்டுபிடித்துவிட்டேன். அந்த மென்பொருள் கிரகநிலை காட்டும், தசைபுத்தி காட்டும், கல்வி, தொழில், கலியாணம் என்று பக்கம் பக்கமாகப் பலன் சொல்லும். கடைசிப் பக்கம் ஆயுள். அதை அமத்தினால் திரையில் மணல்கடிகாரம் ஒன்று வந்து அப்படியே நிற்கும். பிறகு ஒன்றும் நடக்காது. சுவிச்சை நிறுத்தித்தான் மீட்க வேண்டும். மென்பொருளை ஏற்றியபோது அந்த ஒரு கோப்பு மட்டும் பழுதாகியிருந்தது. வேறொரு பிரதி எடுத்துப் போட்டால் சரி.

"பெரிய வேலையில்லை ஐயா, இப்பவே செய்து தாறன்" என்றேன்.

"அது கிடக்கட்டும் தம்பி."

அங்கே போகிற ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் கிடக்கட்டும் என்றார். ஊருக்கே இது தெரிந்திருந்தது. சாத்திரியாரின் பெட்டி ஆயுள் சொல்லாது என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்துக்காகவே வருகிறவர்களும் இருந்தார்கள். கடைசிச் சண்டையில் காணாமல்போனவர்களின் தாய்மார், தகப்பன்மார், மனைவிமார். இருக்கிறானா, இல்லையா என்ற ஒரே கேள்வியோடு கோயில் கோயிலாக, கந்தோர் கந்தோராக அலைந்துவிட்டு இங்கேயும் வருவார்கள்.

அவர்களில் ஒரு அம்மாவை எனக்கு நல்ல நினைவு. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கூலி வேலைக்குப் போகிறவர். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவார். வரும்போது மரவள்ளிக்கிழங்கோ, பயற்றங்காயோ ஏதாவது ஒரு பையில் இருக்கும். மகனின் பிறந்த நாளும் நேரமும் அவருக்கு மனப்பாடம். நான் ஒருநாள் அங்கே விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்தார்.

"சாமி, எம் மகனோட ஆயுசுப் பக்கத்த ஒருக்கா பாருங்க."

சாத்திரியார் பொறுமையாக எல்லாவற்றையும் பதிந்தார். ஒவ்வொரு பக்கமாகப் போனார். பையனின் படிப்பு, தொழில், கலியாணம் எல்லாவற்றையும் உரக்க வாசித்தார். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் மணல்கடிகாரம் வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நிக்குது அம்மா" என்றார் சாத்திரியார்.

"சரிங்க சாமி. அடுத்த மாசம் வாறேன்."

அவர் போனபின் எனக்குக் கோபம் வந்தது. ஒரு கோப்பை மாற்றினால் முடிகிற விசயத்துக்கு அந்த மனுசியை மாதா மாதம் பஸ்ஸில் அலைக்கழிப்பதா? கேட்டேவிட்டேன். சாத்திரியார் எழுந்து வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனார். தேநீர் கொண்டுவந்த மனைவிதான் வாய் திறந்தார்.

"தம்பி, பெட்டி இல்லாட்டில் இவருக்கு ஆயுள் பாக்கத் தெரியாதெண்டே நினைக்கிறீர்? பெட்டி வரமுன்னம் எல்லாம் கையாலதானே பாத்தவர்."

"அப்ப ஏன் அம்மா பாக்கிறாரில்லை?"

"சண்டை முடிஞ்சு முகாமில இருக்கேக்கை ஒரு தாய் மகன்ரை சாதகத்தோட வந்து கேட்டவா. எனக்கு மகன்ரை காலம் என்னெண்டு சொல்லுங்கோ, பொய் சொல்லாதையுங்கோ எண்டு காலில விழுந்தவா. இவர் கணக்குப் போட்டுப் பாத்துப்போட்டு, ஆயுள் முடிஞ்சுதெண்டு சொல்லிப்போட்டார். அவா அண்டையோட சாப்பாட்டை விட்டிட்டா. முகாமை விட்டு உயிரோட வெளியில வரேல்லை." தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "பிறகு மகன் வந்தவன். ஆமி தடுப்பில வைச்சிருந்து விட்டவங்கள்."

அன்றைக்குப் பிறகு நான் அந்தக் கோப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

என்றாலும் சாத்திரியாரைப் பெரிய மகான் என்று எழுத எனக்கு மனம் வராது. அவருடைய அந்த மௌனத்தால் சிலருக்குக் கெடுதியும் நடந்தது. முரசுமோட்டையிலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகளுக்குச் சின்ன வயது. கலியாணம் முடித்த கொஞ்சக் காலத்திலேயே மருமகன் காணாமல்போய்விட்டான்.

"ஐயா, சுத்தி வளைக்காமல் கேக்கிறன். மருமோன் இருக்கிறானோ, இல்லையோ? இல்லையெண்டால் என்ரை பிள்ளைக்கு ஒரு வழி பாப்பம். ஊர் வாயை மூட உங்கடை வாயாலை ஒரு சொல் வேணும்."

"இதிலை அந்தப் பக்கம் வராது" என்றார் சாத்திரியார்.

"பெட்டியைக் கேக்கேல்லை. உங்களைக் கேக்கிறன்."

சாத்திரியார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தகப்பனின் கண் கலங்கிவிட்டது. "நீங்கள் நல்லவராய் இருக்கிறதுக்கு என்ரை பிள்ளை வீட்டுக்குள்ளை இருந்து காயுறாள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நகரத்தில் கைத்தொலைபேசியில் பலன் பார்க்கிற ஒருவர் இரண்டு தட்டுத் தட்டி, இல்லை என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பெண்ணுக்கு மறுகலியாணம் நடந்தது. நன்றாகவே இருக்கிறாள். அவளுடைய குழந்தை பிறந்தபோது சாதகம் எழுத அவளே சாத்திரியாரிடம் வந்தாள். அவர் சந்தோசமாக எழுதி, மஞ்சள் பூசி, குழந்தையின் நெற்றியில் திருநீறும் வைத்து அனுப்பினார். பழைய கதையை இரண்டு பேரும் எடுக்கவில்லை. அந்தத் தகப்பன் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிற நாட்கள் உண்டு. மலையகத்து அம்மாவை நினைத்தால் சாத்திரியார் பக்கம் என்று படும். அவரோ இருவரையும் ஒரே மணல்கடிகாரத்துக்கு முன்னால் இருத்தினார்.

பிரான்சில் இருந்த மகள் ஒரு விடுமுறைக்கு வந்து, தகப்பனின் மேசையைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "அப்பா, உதைப் பாத்தால் பாவமாக் கிடக்கு. உதுக்கு எப்பவோ செத்தவீடு நடந்து எட்டுச் செலவும் முடிஞ்சிருக்க வேணும்." அவள் கொண்டுவந்த மடிக்கணினியில் சாதக மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றிக் கொடுக்க என்னை அழைத்தார்கள். ஏற்றினேன். பரிசோதித்துப் பார்க்க ஒரு பிறந்த நேரம் வேண்டும் என்றேன். சாத்திரியார் தன்னுடையதைச் சொன்னார். பக்கங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. மணல்கடிகாரம் இல்லை, காத்திருப்பு இல்லை. ஆயுள் என்ற தலைப்பு வந்தது. அதன்கீழ் எழுத்து வருவதற்குள் அவர் கையை நீட்டி மூடியை அமத்தினார். என் விரல் உள்ளே நசிந்தது.

"நல்லா வேலை செய்யுது தம்பி" என்றார். "அம்மாவிட்டைக் குடும். மகளோட முகம் பாத்துக் கதைக்கட்டும்."

அப்படித்தான் அந்த மடிக்கணினி குசினிக்குப் போனது. அவருடைய மனைவி அதில் பேரப்பிள்ளைகளைப் பார்த்தார், மிச்ச நேரத்தில் தொடர்நாடகம் பார்த்தார். முன்னறையில் கிழட்டுப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மகள் திரும்பிப் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "அது செத்தால் உடன எனக்குச் சொல்லுங்கோ அண்ணா. அப்பதான் அப்பா மாறுவார்."

செத்தது. ஐப்பசியில் ஒரு பின்னேரம் பெரிய முழக்கம். மின்கம்பத்தில் விழுந்த மின்னல் அந்த ஒழுங்கையில் பல வீடுகளின் சாமான்களை எரித்துவிட்டது. சாத்திரியார் வயலில் நின்றிருக்கிறார். வீட்டில் வயரை யாரும் கழற்றவில்லை. மறுநாள் நான் போய்ப் பெட்டியைத் திறந்தபோது எரிந்த மணம் மூக்கில் அடித்தது. உள்ளே பலகை கருகி, ஒரு பக்கம் உப்பியிருந்தது. இவ்வளவு காலமாக நான் சொல்லிச் சொல்லிப் பிழையாகிய பலன் அன்றைக்குப் பலித்தது. எனக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை.

"ஐயா, இந்த முறை உண்மையா முடிஞ்சுது."

"ஓம் தம்பி" என்றார். வாதாடவில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. "மூடிவிடும். மேசையிலயே இருக்கட்டும்."

நான் மகளுக்குச் சொன்னேன். அவள் தொலைபேசியில் நிம்மதியாக மூச்சு விட்டாள். இனி அப்பா புதியதில் பார்ப்பார் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். உண்மையில் சாதகம் எழுத வந்தவர்களுக்கு அவர் குசினியிலிருந்து மடிக்கணினியை எடுத்துவந்து எழுதிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். ஆயுள் பக்கம் வரமுன் மூடிவிடுவார். ஆனால் அதில் எல்லாம் வரும் என்பது ஊருக்குள் பரவிவிட்டது.

அந்த மாதம் மலையகத்து அம்மா வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மடிக்கணினியில் சத்தம் வரவில்லை என்று சாத்திரியாரின் மனைவி கூப்பிட்டிருந்தார். அதை என் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கதிரையில் இருந்து, பையைக் காலடியில் வைத்தார். அவருடைய கண் என் மடியில் இருந்த புதிய கணினிக்கு ஒருமுறை போனது. பிறகு சேலைத் துண்டு போர்த்திய மேசைக்குப் போனது. ஒன்றும் கேட்கவில்லை.

சாத்திரியார் மேசைக்குப் போனார். சேலைத் துண்டை எடுத்து மடித்து வைத்தார். கதிரையை இழுத்து அமர்ந்தார். கருகிய பலகை உள்ளே கிடக்கிற பெட்டியின் சுவிச்சைப் போட்டார். வெளிச்சம் இல்லை, உறுமல் இல்லை. மகனின் பிறந்த நேரத்தைக் கேட்டார். அம்மா சொன்னார். அவர் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இண்டைக்கு எழும்புதில்லை அம்மா" என்றார் கடைசியில்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கதானே இத திருத்துறவரு?"

"ஓம் அம்மா."

"முடிஞ்சு போச்சா?"

அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். சாத்திரியாரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என் மடியில் புதிய கணினி திறந்தபடி கிடந்தது. அந்தப் பையனின் பிறந்த நேரம் இப்போது எனக்கும் மனப்பாடம். நாலு விசை தட்டினால் போதும்.

மூடியை மெல்ல மூடினேன்.

"இல்லை அம்மா, முடியேல்லை" என்றேன். "ஒரு சாமான் கொழும்பால வரவேணும். கொஞ்ச நாள் எடுக்கும்."

"எடுக்கட்டும் தம்பி. அவசரப்படாம நல்லா செய்யுங்க. நான் வந்து பாத்துக்கிறேன்."

பையிலிருந்த மரவள்ளிக்கிழங்கை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். சாத்திரியார் வாசல் படலைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். வந்தவர் கணினியின் மேல் சேலைத் துண்டைப் போர்த்தி, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார்.

"இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம் தம்பி" என்றார்.

கடையை மூடிவிட்டு வவுனியாவுக்கு வரும்வரை ஒவ்வொரு மாதமும் அந்த அம்மா வருகிற நாளில் நான் அங்கே போனேன். அவர் படலையைத் திறக்கும்போது பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஸ்குறூட்றைவரோடு அதன் முன்னால் இருப்பேன்.